எல்லாவற்றையும் டிரிகருக்குள் எழுதியவர்

புதுச்சேரியில், உப்பளம் பகுதியில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஏற்கெனவே அங்கே வேலையில் இருந்த சார் என் கையில் ஒரு கனத்த ஃபைலைக் கொடுத்தார். "எல்லாமே இதுல இருக்குது மேடம். படிச்சிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். திறந்து பார்த்தால் உள்ளே முழுக்கக் கணினி நிரல். அச்செடுத்து, பஞ்ச் போட்டு, டேக் கட்டி, பக்க எண் எழுதி வைத்திருந்தார். கணினியில் ஒரு நொடியில் திறந்து பார்க்கக்கூடியதைக் காகிதத்தில் வைத்திருக்கும் ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. ஓரங்களில் பென்சில் குறிப்புகள் வேறு. ஒரு பக்கத்தில் 'இதைத் தொட்டால் லேப் நின்றுவிடும்' என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார்.

மருத்துவமனையின் டேட்டாபேஸ் எங்கள் இருவர் பொறுப்பு. மாடியில், எக்ஸ்ரே அறையை ஒட்டி, ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டும் ஒரு சின்ன அறை. எதிரெதிரே இரண்டு மேசைகள், நடுவில் சொட்டுத் தண்ணீருக்கு ஒரு வாளி. எனக்கு முன்பே இரண்டு வருடம் அவர் அங்கே தனியாளாக இருந்து எல்லாவற்றையும் கட்டியிருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வில்லியனூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம். அப்பா, அண்ணன் எல்லாரும் நிலத்தில். இவர் மட்டும் பைக்கில் டவுனுக்கு வந்து நிரல் எழுதினார். நான் தவளக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவேன். என் அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு காவலாளி வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார். 'சார்', 'மேடம்' என்றுதான் நானும் அவரும் கூப்பிட்டுக்கொள்வோம். இன்றைக்கும் அப்படித்தான்.

எங்கள் சண்டையைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் ஊர்ப் பெயர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

புதுச்சேரியில் ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் இரண்டு விதமாக எழுதுவார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் போல எழுதுவது ஒன்று. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்புச் சான்றிதழ் வழியாக வந்தது இன்னொன்று. அதில் 'உ' ஒலிக்கு ஓ, யு என்று இரண்டு எழுத்து போடுவார்கள். 'க' என்றால் கே கிடையாது, சி. மெய்யெழுத்தில் முடிகிற பெயர் என்றால் கடைசியில் வாய்க்கே வராத ஓர் 'ஈ' இருக்கும். ஆதார் அட்டையில் ஒரு மாதிரியும் பழைய காகிதத்தில் வேறு மாதிரியும் பெயர் உள்ளவர்கள் நகரத்தில் ஏராளம். மருத்துவமனைக்கு ஒரு தடவை அந்த அட்டையோடும் மறு தடவை இந்தக் காகிதத்தோடும் வருவார்கள். கவுண்டரில் தேடினால் பழைய பதிவு கிடைக்காது. புதுப் பதிவு போட்டுவிடுவார்கள். ஒரே ஆள் இரண்டு நோயாளி ஆகிவிடுவார்.

இதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். டேட்டாபேஸில் டிரிகர் என்று ஒன்று உண்டு. ஓர் அட்டவணையில் புதிதாக ஒரு வரி சேரும்போது, யாரும் சொல்லாமலே தானாக ஓடும் சின்ன நிரல். கவுண்டரில் பெயரை அடித்து என்டர் தட்டியதும் அவருடைய டிரிகர் ஓடும். ஓ, யு இரண்டையும் ஒற்றை யு ஆக்கும். சி-யை கே ஆக்கும். கிடைத்ததைப் பக்கத்துக் கட்டத்தில் 'தேடுபெயர்' என்று எழுதி வைக்கும். அதன் பிறகு எந்த எழுத்தில் தேடினாலும் ஆள் கிடைத்துவிடுவார். உள்ளபடி அது அருமையான யோசனை. பெரிய கம்பெனி விற்கும் சாஃப்ட்வேரில்கூட நான் அதைப் பார்த்ததில்லை. இந்த ஊரில் பிறந்த ஒருவருக்குத்தான் அது தோன்றும்.

ஆனால் அந்த முப்பது நாற்பது வரியை அவர் நான்கு இடத்தில் எழுதி வைத்திருந்தார். பதிவு அட்டவணையின் டிரிகரில் ஒரு முறை, அப்பாயின்ட்மென்ட்டில் ஒரு முறை, லேப்பில் ஒரு முறை, வார்டில் ஒரு முறை. அட்சரம் பிசகாத நான்கு பிரதிகள்.

நான் இதைப் பார்த்த அன்றைக்கே சொன்னேன். "சார், இத்த ஒரு ஸ்டோர்டு புரொசீஜரா எழுதிடலாம். ஒரே எடத்துல பேர் வெச்சு எழுதிட்டா, நாலு டிரிகரும் அத்தக் கூப்பிட்டுக்கும். டிரிகருக்குள்ள ஒரே ஒரு வரி இருந்தா போதும்."

அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "வேணாம் மேடம்."

"ஏன் சார்?"

"டிரிகரத் தொறந்தா அது என்னா பண்ணுதுன்னு அதுக்குள்ளயே தெரியணும். வேற எங்கயோ போய்த் தேடக் கூடாது."

"நாளைக்கு ஒரு மாத்தம் வந்தா நாலு எடத்துல மாத்தணுமே?"

"மாத்துவேன். நாலுதான?"

எனக்கு முதல் வேலையில் ஒரே வரியை நாற்பது இடத்தில் மாற்றி, நாற்பத்தோராவது இடத்தைத் தவறவிட்ட அனுபவம் இருந்தது. அதைச் சொன்னேன். "நீங்க தவறவுட்டா நானும் வுடணுமா?" என்று கேட்டார். அன்றைக்கு மத்தியானம் நான் அவரோடு சேர்ந்து சாப்பிடவில்லை. மறுநாள் அவர் தன் நிலத்து வேர்க்கடலையை, எங்கள் பேச்சில் மல்லாட்டையை, அவித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.  வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். நானும் தின்றேன். ஆனால் விடவில்லை. மாதத்துக்கு ஒரு தடவையாவது அந்தப் பேச்சு வரும். அவர் 'நாலுதான?' என்பார். இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது.

கீழே பதிவு கவுண்டரில் ஓர் அக்கா இருந்தார். மருத்துவமனை முழுக்க அவரை அக்கா என்றுதான் கூப்பிடும், பெரிய டாக்டர்கூட. ஒருநாள் அவர் படியேறி எங்கள் அறை வாசலில் வந்து நின்றார்.

"சார், பேருக்குப் பின்னாடி ஒரு ஈ ஒட்டிக்கினு வருது. அத்த வெரட்டி வுடுங்க."

எங்களுக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, கடைசியில் வரும் ஊமை 'ஈ'யைச் சொல்கிறார் என்று. சாருடைய நிரலில் அந்த விதி விட்டுப்போயிருந்தது. மூன்று பேரும் சிரித்தோம். அக்கா சிரித்தபடியே, "சிரிங்க, சிரிங்க. லைன்ல நிக்கறவங்க என்னத்தான் திட்டறாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சார் அன்று சாயங்காலமே உட்கார்ந்து மாற்றினார். ஃபைலில் புதுப் பக்கம் சேர்த்தார். கேட்டதற்கு, "நாலும் ஆச்சு" என்றார். நானும் சரிபார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, காலையில் கீழிருந்து பெரிய சத்தம். இறங்கிப் போய்ப் பார்த்தோம். கவுண்டர் முன்னால் ஒரு பெரியவர். வயது எண்பதை ஒட்டி இருக்கும். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கையில் தொப்பி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அவர்களை 'சொல்தா' என்போம். ஐயா என்று கூப்பிட வேண்டிய இடத்தில் அக்கா அவரை 'மிசியே' என்றார். அவருக்கு அதுதான் பிடிக்கும் போலிருந்தது.

"வெறும் வயித்துல வான்னீங்க, வந்தேன். நேத்துதான் ரத்தம் குடுத்தேன். இன்னிக்கி டாக்டராண்ட போனா ரிப்போர்ட் இல்லேங்கறான், மறுபடியும் குடுங்கறான். நேத்து குடுத்த ரத்தம் எங்க போச்சு? குடிச்சிட்டீங்களா?"

அக்கா கணினியில் தேடிக் காட்டினார். அவர் பெயரில் பதிவு இருந்தது, அப்பாயின்ட்மென்ட் இருந்தது. லேப் பக்கம் காலி. நான் பக்கத்தில் போய், பெயருக்குக் கடைசியில் ஓர் 'ஈ' சேர்த்து லேப் பக்கத்தில் மட்டும் தேடினேன். வந்துவிட்டது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு, எல்லாம்.

நான் திரும்பி சாரைப் பார்த்தேன். எனக்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. மூன்று டிரிகரில் மாற்றியிருக்கிறார். லேப் டிரிகர் விட்டுப்போயிருக்கிறது. முகம் வெளிறிவிட்டது. 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஒரு வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு வரவில்லை.

அவர் நேரே பெரியவரிடம் போனார். "தப்பு எங்க மேலதாங்க. நான்தான் செஞ்சேன். நீங்க மறுபடியும் ரத்தம் குடுக்க வேணாம். வாங்க, நானே டாக்டராண்ட இட்டுனு போறேன்" என்று கையைப் பிடித்தார்.

பெரியவரின் கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது. "எம் பேர யாரு தப்பா எழுதனது?"

"யாரும் தப்பா எழுதலீங்க. நாலு எடத்துல படிக்கறோம். ஒரு எடத்துல மட்டும் வேற மாதிரி படிச்சிட்டோம்."

"பிரான்சு பேப்பர்ல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு, வூட்டுல பொண்டாட்டி கூப்பிடறது ஒரு பேரு. மூணும் நான்தான்யா. உங்க கம்ப்யூட்டருக்குச் சொல்லி வையி."

ரிப்போர்ட்டை அச்செடுத்துக்கொண்டு பெரியவரை டாக்டர் அறைக்குக் கூட்டிப்போய், முடியும்வரை வெளியே நின்று, ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டுத்தான் அவர் மாடிக்கு வந்தார். அதற்குள் நான் அந்த இரண்டு வாரத்து லேப் பதிவுகளை எல்லாம் தேடிப் பார்த்திருந்தேன். இன்னும் ஏழு பேர் அப்படி விட்டுப்போயிருந்தார்கள். நல்ல வேளையாக யாருக்கும் அவசரமாக எதுவும் இல்லை. ஏழையும் சரிசெய்தோம்.

மத்தியானம் அவர் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. "வாங்க சார், டீ குடிக்கலாம்" என்று கூப்பிட்டேன். ஸ்டேடியம் பக்கத்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அவர் தன் பழைய வேலையின் கதையைச் சொன்னார்.

இங்கே வருவதற்கு முன்னால் சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்திருக்கிறார். மருந்து அனுப்பும் கம்பெனி. அங்கே எல்லாம் புரொசீஜர்தான். டிரிகர் ஒரு புரொசீஜரைக் கூப்பிடும், அது இன்னொன்றைக் கூப்பிடும், அதற்குள் இன்னொன்று. ஒருநாள் யாரோ கடைசி புரொசீஜரில் கை வைத்திருக்கிறார்கள். யாரிடமும் சொல்லவில்லை. மருந்துகள் ஊர் மாறிப் போயின. டிரிகரைத் திறந்தால் மேலே எழுதியவர் பெயர் என்று இவர் பெயர்தான் இருக்கிறது. உள்ளே ஒரே வரி. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, தப்பு தன்னுடையது இல்லை என்று இவரால் காட்ட முடியவில்லை.

"மூணு நாள் ஒக்காந்து தேடினேன் மேடம். கண்டுபுடிக்கறதுக்குள்ள வேலைய வுட்டுப் போகச் சொல்லிட்டாங்க. என் டிரிகர்ல என்னா நடக்குதோ அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும்னு அன்னிக்கி நெனச்சதுதான்."

ஒன்றரை வருடமாக நான் நிரலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் மனிதர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். டீ ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தேன்.

"சார், புரொசீஜர் எழுதினா அதுல கை வெக்கறது நீங்க, நான், ரெண்டே பேருதான். உங்ககிட்ட சொல்லாம நான் தொட மாட்டேன்."

அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் காசு கொடுத்தார். பிறகு, "எழுதுங்க" என்றார்.

நானே எழுதினேன். அவர் தன் விதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஒரே புரொசீஜர். நான்கு டிரிகரிலும் இருந்த நூற்றைம்பது வரியை அழித்துவிட்டு, அதைக் கூப்பிடும் ஒரு வரியை மட்டும் வைத்தோம். அழிக்கும்போது அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். ஒவ்வொரு டிரிகரிலும் அந்த ஒரு வரிக்கு மேலே, புரொசீஜர் என்ன செய்கிறது, எங்கே இருக்கிறது என்று தமிழில் நாலு வரி குறிப்பு இருக்க வேண்டும். எழுதினேன். ஃபைலில் நாலைந்து பக்கம் குறைந்தது. புது புரொசீஜரை அச்செடுத்துக் கடைசிப் பக்கமாகச் சேர்த்துக்கொண்டார்.

இங்கே நிறுத்திவிட்டால் நான் ஜெயித்ததாக ஆகிவிடும். அப்படி ஆகவில்லை.

ஆறேழு மாதம் கழித்து இன்னொரு விதி சேர்க்க வேண்டி வந்தது. 'ஜ' ஒலிக்கு அந்தப் பழைய முறையில் டி, ஜே என்று இரண்டு எழுத்து போடுவார்கள். அதையும் ஒற்றையாக்க வேண்டும். ஒரே வரி வேலை. சனிக்கிழமையே அவரிடம் சொல்லியும் இருந்தேன். காலை எட்டரைக்கு வந்ததும், அவர் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எங்கள் டேட்டாபேஸில் புரொசீஜரை மாற்ற வேண்டும் என்றால் பழையதை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். நீக்கினேன். நீங்கியது. புதியதை ஏற்றினேன். பிழை என்று வந்தது. எங்கேயோ ஒரு மேற்கோள் குறியை மூடாமல் விட்டிருக்கிறேன்.

இப்போது பழையதும் இல்லை, புதியதும் இல்லை. நான்கு டிரிகர்களும் இல்லாத ஒன்றைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. அதனால் நான்கு அட்டவணையிலும் ஒரு வரிகூடச் சேரவில்லை. திங்கட்கிழமை காலை, கீழே வரிசை வாசலைத் தாண்டி நின்றது. இன்டர்காம் அடித்தது. அக்காதான். "எத்த அடிச்சாலும் செவப்பா வருதும்மா. என்னா பண்ணி வெச்சீங்க?"

 குறி எங்கே விட்டுப்போனது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. பதற்றத்தில் கணினியில் இருந்த பழைய பிரதியின் மேலேயே திருத்தித் திருத்திச் சேமித்து, எது சரி எது தப்பு என்றே தெரியாமல் ஆக்கிவிட்டேன். அப்போதுதான் அவர் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தார். கீழே கூட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

"என்னா தூக்கினீங்க?"

"புரொசீஜர். முழுசா போயிடுச்சு சார்."

ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். ஃபைலை எடுத்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்து, நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் படிக்கறேன், நீங்க அடிங்க. புதுசு வேணாம். பழசு மட்டும்." ஒவ்வொரு வரியாகப் படித்தார். மேற்கோள் குறி வரும் இடத்தில் 'கோட்டு' என்று நிறுத்திச் சொன்னார், மூடும் இடத்தில் மறுபடி 'கோட்டு'. சின்னப் பிள்ளைக்கு டிக்டேஷன் கொடுப்பது போல. எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது. ஆனாலும் அடித்தேன். பத்து நிமிடம். ஏற்றினோம். ஏறியது. கீழே அக்கா டோக்கன் நம்பரைச் சத்தமாகக் கூப்பிடுவது மாடிவரை கேட்டது.

 பிறகு நானே சொன்னேன். "உங்க மாதிரி டிரிகருக்குள்ளயே இருந்திருந்தா ஒரு எடம்தான் நின்னிருக்கும். நான் மொத்தத்தையும் நிறுத்திட்டேன்."

"ஆமா" என்றார். பொய்யாக ஆறுதல் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. "ஆனா அந்த மிசியே மாதிரி ஏழெட்டுப் பேரு மறுபடியும் காணாம போயிருப்பாங்க. நின்னு போனா ஒடனே தெரிஞ்சிடுது மேடம். காணாம போனாத்தான் தெரியறதில்ல."

அதற்குப் பிறகு சில பழக்கங்கள் தானாக வந்துவிட்டன. பழையதைக் காப்பி எடுத்து வைக்காமல் எதையும் நீக்குவதில்லை. கவுண்டர் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில்தான் மாற்றம். நிரலை ஓட்டும் முன் ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். நான்கு இடத்துக்கும் பொதுவானது புரொசீஜரில் இருக்கிறது. ஒரே இடத்துக்கு மட்டும் வேண்டியதை அவர் இன்னமும் டிரிகருக்குள்ளேயே எழுதுகிறார். நடுவில் எனக்கு ஒரு வெறி வந்து, படுக்கை காலியான நேரத்தைக் குறிக்கும் ஒற்றை வரிக்குக்கூட ஒரு புரொசீஜர் எழுதினேன். அவர் பென்சிலை வைத்துவிட்டு, "ஒரு வரியக் கூப்பிட ஒரு வரியா? இதுக்கு எதுக்கு மேடம் இவ்ளோ தூரம் நடக்கணும்?" என்றார். நியாயம்தான். எடுத்துவிட்டேன்.

வருடங்கள் ஓடிவிட்டன. போன ஞாயிற்றுக்கிழமை, நான் வேலைக்குச் சேர்ந்தபோது சின்னப் பிள்ளையாக இருந்த அவருடைய மகளை ஹாஸ்டலில் விட அவர் காலாப்பட்டுக்குப் போயிருந்தார். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. நான் மட்டும் அறையில் இருந்தேன். வார்டு டிரிகரில் ஒரு மாற்றம். போன் போட்டேன்.

"படிக்கட்டுமா சார்?"

"இருங்க, பஸ் சத்தம். உள்ள போறேன்... ம், படிங்க."

படித்தேன். பன்னிரண்டு வரி. ஏழாவது வரியில் நிறுத்தச் சொன்னார், மறுபடி படிக்கச் சொன்னார், சரி என்றார். ஓட்டினேன்.

"ஓடிச்சா?"

"ஓடிச்சு."

"சரி. இங்க மெஸ்ல சாப்பாடு பரவால்ல மேடம். பொண்ணுதான் என்ன எப்ப கெளம்பறீங்கன்னு கேட்டுனே இருக்குது" என்று சொல்லிச் சிரித்தார்.  நான் போனை வைக்காமல் அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஹாஸ்டல் அறையில் ஃபேன் நல்ல ஃபேனாம். ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று வருகிறதாம்.